திருவாதிரைக்கு என்னமோ ஆகிவிட்டது

மார்ச் 3

இன்று முதல் எல்லாவற்றையும் எழுதி வைப்பதாக முடிவு. நாளைக்கு யாராவது அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை என்று சாதித்தால், தூக்கிக் காட்ட என்னிடம் ஏதாவது இருக்க வேண்டாமா?

பெயர் வசந்தாமணி. ஊர் உடுமலைக்குக் கிழக்கே, காற்றாலைகளுக்கு நடுவில். தொழில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவது. சொந்த வேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேன் ஓட்டுகிற ஒரே பொம்பளை நான்தான், அதனால் என்னை எப்போது இறக்கிவிடலாம் என்று காத்திருப்பவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. கொரோனா காலத்தில் வேன் ஷெட்டில் கிடந்தபோது பொழுது போகாமல் மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம் ஒரு பைனாகுலர் வாங்கினேன். அப்புறம் விட முடியவில்லை.

'அந்தி வானம்' என்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. கரூரில் பேங்க் மேனேஜராக இருக்கும் இஸ்மாயில் சார் நடத்துகிறார். வாரம் ஒரு தடவை திருவாதிரை நட்சத்திரம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று பார்த்து ஆளாளுக்கு அனுப்ப வேண்டும். அது வயசான சிவப்பு நட்சத்திரம். என்றைக்கோ ஒருநாள் வெடிக்கப்போகிறது, என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது. சில வருஷத்துக்கு முன்னால் திடீரென்று மங்கி உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டியது. இதைக் கணிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இதைவிடக் கூட, அதைவிடக் கம்மி என்று நம் கண்ணாலேயே சொல்ல வேண்டும்.

மூன்று வாரமாகத் திருவாதிரை, அதற்குக் கீழே இருக்கிற நீல நட்சத்திரம் ரைகலைவிடத் தூக்கலாக எரிகிறது. எப்போதும் ரைகல்தான் கூட. அப்படியானால் திருவாதிரைக்கு என்னமோ ஆகிவிட்டது. அனுப்பினேன். இஸ்மாயில் சார் ஃபோன் செய்தார்.

"வசந்தாமணிம்மா, மத்த எல்லாரும் ரைகல்தான் ஜாஸ்திங்கறாங்க. நீங்க மட்டும்தான் மாத்திச் சொல்றீங்க. இன்னொரு தடவ பாருங்களேன்."

"நான் பாத்துட்டுத்தான் சார் எழுதறேன். மத்தவங்க பாத்துட்டு எழுதறாங்களா, போன வாரத்து நம்பரையே திருப்பி அனுப்பறாங்களான்னு கேளுங்க."

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வானத்தில் பெரிதாக ஏதோ நடக்கிறது. முதலில் பார்த்தது உடுமலைப் பக்கத்து வேன்காரி என்று பேர் வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 9

வேனின் முன் கண்ணாடியை நானே இரண்டு தடவை துடைத்துவிட்டேன். மறுபடியும் எண்ணெய் பூசினது போலவே இருக்கிறது. யாரோ வேண்டுமென்றே செய்கிற வேலை.

யார் என்று ஊகிக்க வெகுநேரம் ஆகவில்லை. பிள்ளைகளை ஏற்றி இறக்க என்னோடு வேனில் வருகிற ருக்குமணிக்கு ஒரு மருமகன் உண்டு, தனபால். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமையானால் கூப்பிடாமலே வந்து என் வேனைக் கழுவுகிறான். இந்தக் காலத்தில் அடுத்தவர் வண்டியைச் சும்மா கழுவுகிறவன் எவனாவது உண்டா? அவனுக்கு என் சீட்டு மேல் கண்.

ருக்குமணியும் புதுப் பழக்கம் ஒன்று பழகியிருக்கிறாள். முன்பெல்லாம் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாயடித்துக்கொண்டு வருவாள். இப்போது ஏறியதும் நேராக என் பக்கத்துச் சீட்டு.

"அக்கா, லெப்ட்ல சைக்கிளுங்க."

"தெரியுது."

"அக்கா, முன்னால எருமை ரெண்டு."

"ஏன் ருக்கு, எனக்கென்ன பொட்டைக் கண்ணா? சும்மா நொய் நொய்னு."

"இல்லீங்க்கா, சும்மா சொன்னனுங்க."

சும்மாவாம். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லட்டும் என்று சத்தமாகச் சொல்கிறாள். இத்தனை வருஷமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவளுக்கு எருமையை அடையாளம் காட்டுகிறாள்.

மார்ச் 14

காற்றாலைக்காரர்கள் உச்சியில் இருக்கிற சிவப்பு விளக்கை மாற்றிவிட்டார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது. இப்படி வெளிச்சத்தைக் கொட்டினால் மனுஷி வானத்தைப் பார்ப்பது எப்படி? புகார் எழுத வேண்டும்.

மார்ச் 21

சர்வதேச விண்வெளி நிலையம் இன்று பொழுது சாய்ந்ததும் நம் ஊருக்கு மேலே போகும் என்று குழுவில் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் குழந்தைவேலுவையும் மாடிக்கு இழுத்துப் போனேன். மாவு மில்லைப் பூட்டிவிட்டு அப்படியே வந்திருந்தார், புருவமெல்லாம் வெள்ளை.

எனக்கு இது ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும். ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு இரும்பு, அதற்குள்ளே மனுஷர்கள் தின்று தூங்கிக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றி வருகிறார்கள். நான் எப்போதும் கையாட்டுவேன். அவர்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் ஆட்டுவேன்.

தென்மேற்கில் கிளம்பி மேலே வந்தது. பைனாகுலரில் பிடித்தேன். இரண்டு! பெரிதாக ஒன்று, அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மங்கலாக இன்னொன்று.

"ஏனுங்க, ரெண்டு போகுது பாருங்க! ஒன்னு கழண்டு தனியாப் போகுது!"

"எங்க புள்ள? ஒன்னுதான் போகுது."

"நல்லாப் பாருங்க, ஒட்டிக்கிட்டே போகுது."

"எனக்கு ஒன்னுதான் தெரியுது. எனக்கு வயசாயிப்போச்சு, போ."

இவருக்குக் கண்ணாடி மாற்றி மூன்று வருஷமாகிறது. சொன்னால் கேட்டால்தானே.

உடனே குழுவில் எழுதினேன். நிலையத்திலிருந்து ஒரு விண்கலம் பிரிந்து போவதை என் கண்ணால் பார்த்தேன் என்று. இஸ்மாயில் சார், இன்றைக்கு அங்கிருந்து எதுவும் கிளம்பவில்லை, வேண்டுமானால் பட்டியலை அனுப்புகிறேன் என்று பதில் போட்டார். பட்டியலில் போட்டுவிட்டா எல்லாம் செய்வார்கள்? ஊருக்குத் தெரியாமல் மேலே என்னென்னவோ நடக்கிறது. கீழே இருக்கிறவன் அதற்கு வக்காலத்து வாங்குகிறான்.

மார்ச் 24

வியாழன் கிரகமும் பைனாகுலரில் இரண்டாகத் தெரிகிறது. ஆக, விஷயம் பைனாகுலரில் இருக்கிறது. இரண்டு குழலும் ஒரே திசையில் பார்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும். அது தானாக ஆகாது. யாராவது கீழே போட வேண்டும். வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"போட்டிருந்தா போட்டேன்னு சொல்லீட்டுப் போங்க. மறைக்கறதுதான் எனக்குப் புடிக்காது."

"நான் அதத் தொட்டே ஆறு மாசமாச்சு வசந்தா."

"மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுங்க."

"மாரியாத்தா மேல சத்தியம்."

சத்தியம் செய்யும்போது மீசையைத் தடவினார். நான் பார்த்தேன். அதைச் சொன்னதும் தலையணையை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் படுக்கப் போய்விட்டார். தப்பில்லாதவர் எதற்குப் போக வேண்டும்?

மார்ச் 30

கோயமுத்தூர் போய்ப் பைனாகுலரை ரிப்பேர் கடையில் காட்டினேன். கடைக்காரர் அதை ஸ்டாண்டில் மாட்டி, தூரத்து டவரைப் பார்த்து, திருகிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு குழலும் ஒரே எடத்துலதானுங்க பாக்குது. பக்காவா இருக்குது. நீங்க கண்ணு எப்ப செக் பண்ணுனீங்க?"

பக்கத்திலேயே அவர் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இந்த வியாபாரத் தந்திரமெல்லாம் நமக்குத் தெரியாதா என்ன.

திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. இன்னும் மில்லில்தான் படுக்கிறார்.

ஏப்ரல் 5

இஸ்மாயில் சார் இன்று குழுவில் நீளமாக எழுதியிருக்கிறார். ஒருவருடைய கணிப்பு மற்ற எல்லோரிடமிருந்தும் விலகிப் போனால் முதலில் கருவியைச் சோதிப்பது நம் வழக்கம், நம் கருவி கண் என்று ஆரம்பித்து, கண்ணில் புரை விழுந்தால் உள்ளே இருக்கிற லென்ஸ் பழுப்பேறும், நீல நட்சத்திரம் மங்கும், அதனால் சிவப்பு தூக்கலாகத் தெரியும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், ஒன்று இரண்டாகக்கூடத் தெரியலாம் என்று போகிறது. கடைசியில், எல்லோரும் நாளை மாலை சுக்கிரனை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பார்த்து எழுதுங்கள் என்று முடித்திருக்கிறார்.

எல்லோருமாம்! என் பேரை எழுதவில்லை, அவ்வளவுதான். எனக்குக் கோளாறு என்று நூற்றுச்சொச்சம் பேருக்கு நடுவில் சொல்லாமல் சொல்கிறார். பொம்பளை, படிப்பு கம்மி, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். எனக்கு அழுகையாக வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை.

ஏப்ரல் 6

சுக்கிரன், மேற்கே, பொழுது சாய்ந்ததும்.

இடது கண்: ஒன்று. வெள்ளை. சுத்தம்.

வலது கண்: மேகம் வந்துவிட்டது.

ஏப்ரல் 7

என்ன வெயில்! வடகம் ஒரே நாளில் காய்ந்து சருகாகிவிட்டது. வீட்டுக்காரர் மில்லிலிருந்து சாப்பிட வந்தவர், "பத்து நாளா வானத்துல ஒரு பொட்டு மேகமில்ல, கெணறு தாங்காது போலருக்குது" என்றார். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

இனிமேல் வீட்டிலேயே படுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

ஏப்ரல் 18

காலையில் இப்போது கிழக்கு ரோட்டில் போவதில்லை. வாய்க்கால் மேட்டு ரோடாகச் சுற்றிப் போகிறேன். கிழக்கு ரோட்டில் குழி ஜாஸ்தி. ருக்குமணி, "அங்க போன மாசந்தானுங்க்கா தார் போட்டாங்க" என்றாள். இவளுக்கு எதற்கு ரோட்டுக் கவலை?

குழுவுக்கு இரண்டு வாரமாக எதுவும் அனுப்பவில்லை. வேலை.

மே 5

பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்த மாதம் கண் பரிசோதனை முகாம். தேறினால்தான் ஜூனில் வண்டி எடுக்க முடியும். வருஷா வருஷம் நடப்பதுதான். எனக்கென்ன பயம்?

சேதி கேட்டதும் ருக்குமணி வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில் நின்றுகொண்டு, "முகாமுக்கு முந்தி ஒருக்கா பெரிய ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்துரலாமுங்க்கா. நானும் கூட வர்றேன். ஆபரேசன்னாலும் ஒரு வாரந்தானாமுங்க" என்றாள்.

"ஆபரேசனா? யாருக்கு?"

"இல்லீங்க்கா, ஒரு பேச்சுக்கு."

"அந்த ஒரு வாரம் வேன ஓட்டறதுக்கு ஆளு ரெடியா வெச்சிருப்பியே?"

முகம் சுருங்கிப் போய்விட்டது அவளுக்கு. திரும்பிப் போனாள். எனக்குத் தெரியாதா? ஒரு வாரம் என்று ஏறுவான். பிள்ளைகள் மாமா மாமா என்று பழகிவிடும். அப்புறம் என்னிடம் எவர் வருவார்? இந்த வேன் போய்விட்டால் நான் யார்? குழந்தைவேலு சம்சாரம். அதோடு சரி. அப்படி இருந்த காலம் எனக்கு மறக்கவில்லை.

மே 17

தேறிவிட்டேன்!

எழுதி வைக்க வேண்டிய விஷயம் இது. மண்டபத்தில் ஒரே கூட்டம். சுவரில் எழுத்து அட்டை. முதலில் வலது கண்ணை மூடச் சொல்லி இடது கண்ணால் வாசிக்கச் சொன்னார் அந்தத் தம்பி. கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தேன். பிறகு இடது கண்ணை மூடச் சொன்னார். அதே அட்டை. அதே வரிகள்.

நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. வரைபடத்தை விளக்கில் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, அதை மனதில் வைத்துக்கொண்டு இருட்டில் தேட வேண்டும். ஒரு தடவை பார்த்தால் எனக்கு அப்படியே நிற்கும். அந்தத் தம்பிக்கு இதெல்லாம் தெரியுமா? "சூப்பருங்க்கா" என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

பெற்றோர் வாட்ஸப்பில் சான்றிதழைப் படம் எடுத்துப் போட்டேன். எல்லோரும் கைதட்டுகிற படம் போட்டார்கள். ருக்குமணி மட்டும் ஒன்றும் போடவில்லை.

மே 18

வீட்டுக்காரர் ஜிலேபி வாங்கி வந்தார். ஒன்றைக் கடித்துவிட்டு வைத்துவிட்டேன். எண்ணெய் சரியில்லை.

ஜூன் 8

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. வாய்க்கால் மேட்டில் பாலம் வேலை நடக்கிறது, ரோட்டை அடைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கிழக்கு ரோடு, காலை வெயிலுக்கு நேர் எதிரே. ருக்குமணி பக்கத்துச் சீட்டில்தான். சைக்கிள், நாய், டிராக்டர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறாள். நானும் ஒன்றும் சொல்வதில்லை.

ஜூன் 12

இதையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் சாரல். யூகேஜி இனியன் வீட்டு முக்குக்கு வரும்போது சாரல் விட்டு, பளீரென்று வெயில் அடித்தது. ஈர ரோடு முழுக்க ஒரே வெள்ளை. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. ருக்குமணி எழுந்து பின்னால் போனாள்.

வெளிச்சத்தில் இடது கண்ணும் கூசி மூடிக்கொண்டது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் காயப் போட்டது போல இருந்தது. இந்த முக்குதான், எத்தனை வருஷமாக நிறுத்துகிற இடம் என்று கைப் பழக்கத்தில் ஓரம் கட்டினேன்.

"அக்கா! அய்யோ அக்கா! நிறுத்துங்க!"

மிதித்தேன். சக்கரத்தின் கீழே ஏதோ நசுங்கும் சத்தம் கேட்டது. என் உயிர் அங்கேயே போய்விட்டது. இறங்கி ஓடினேன். இனியன் பம்பரைத் தொட்டுக்கொண்டு நின்றான். அவன் முழங்காலுக்கும் வண்டிக்கும் நடுவில் என் கை நுழையாது. சக்கரத்தின் கீழே, அவன் தரையில் வைத்திருந்த பச்சைத் தண்ணீர் பாட்டில் தட்டையாகக் கிடந்தது.

"அத்தெ, என்ற பாட்டலு" என்று அழ ஆரம்பித்தான்.

அவன் அம்மா கோகிலவாணி அவனுடைய ஐ.டி. கார்டை எடுக்க உள்ளே போயிருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தாள். "என்னங்கத்தெ ஆச்சு?"

"ஒன்னுமில்ல அம்முணி. பாட்டலு கை நழுவி வண்டிக்கடியில உருண்டு போயிருச்சு."

என் வாய்தான் சொன்னது. அவள் இனியன் முதுகில் ஒன்று வைத்தாள். "எத்தன தடவ சொல்றது, கெட்டியாப் புடின்னு! இது மூணாவது பாட்டலு." அவன் என்னையே பார்த்துக்கொண்டு அழுதான். நான் சொன்னதை மறுத்துப் பேச அவனுக்குத் தெரியவில்லை. ஐந்து வயசு.

ருக்குமணி வேன் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

பொழுதோட

பொழுது சாய்ந்துவிட்டது. ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்நேரம் சொல்லியிருப்பாள். முதலில் மருமகனிடம், பிறகு கோகிலவாணியிடம், அப்புறம் ஒவ்வொரு வீடாக. இந்த நாளுக்குத்தானே பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கொண்டு வந்தாள். ஃபோன் அடித்தது. இஸ்மாயில் சார். எடுக்கவில்லை.

வேறு யாரும் கூப்பிடவில்லை. ஒருவர்கூட. ஏன் கூப்பிடவில்லை?

ஜூன் 13

காலையில் இனியன் எப்போதும் போல ஏறினான். பழைய பாட்டில் ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இறங்குகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டு, புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். ருக்குமணியைக் கேட்டேன்.

"சொல்லீட்டியா?"

"யாருகிட்டங்க்கா?"

"உன்ற மருமகன்கிட்ட. கோகிலாகிட்ட. ஊரெல்லாம்."

"இல்லீங்க்கா."

"ஏன் சொல்லல? இதுக்குத்தான இத்தன மாசமாக் காத்துட்டிருந்தே?"

அவள் இதுவரைக்கும் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. இன்று உயர்த்தினாள்.

"நான் எதுக்கு முன்னால வந்து உக்காந்தேன்னு நெனச்சீங்க? எங்கம்மாளுக்கும் இப்படித்தானுங்க, கண்ணாடியத் தொடைச்சுட்டே இருப்பா, சொன்னாச் சண்டைக்கு வருவா. உங்களுக்கும் அதேதான்னு மாசியிலயே தெரிஞ்சு போச்சு எனக்கு. கூடவே உக்காந்து சொல்லீட்டே வந்தா ஒன்னும் ஆகாதுன்னு நெனச்சேன். என்ற புத்தியச் செருப்புல அடிக்கோணும். நேத்து ஒரு நிமிசம் பொறத்தால போனேன். ஒரே நிமிசம்."

அழுதாள். நான் அவளைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப போய்ச் சொல்ல வேண்டியதுதான ருக்கு?"

"நான் சொன்னா மருமவனுக்கு வண்டியப் புடுங்கிக் குடுத்துட்டான்னு நீங்களே சொல்லுவீங்க. சாகற வரைக்கும் சொல்லுவீங்க. நீங்களாத்தான் சொல்லோணும். இல்லீன்னா நாளைக்குக் காத்தால இந்த வண்டிக்கு முன்னால நான் வந்து நிப்பேன். எம்மேல ஏத்தீட்டுப் போங்க."

அவள் சொன்னால் செய்கிறவள்.

பொழுதோட

மாடிக்குப் போனேன். மலைப் பக்கம் மேகம் இருந்தாலும் மேற்கே ஓர் இடைவெளி கிடைத்தது. சுக்கிரன்.

இடது கண்: ஒன்று. வெள்ளை.

வலது கண்: மூன்று. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, டீத் தண்ணீர் நிறம். ஏப்ரலிலும் இதைத்தான் பார்த்தேன்.

கீழே இறங்கி வீட்டுக்காரரிடம் சொன்னேன், முகாமில் செய்ததையும் சேர்த்து. "அப்ப மாரியாத்தா மேல சத்தியம் பண்ணி மில்லுல கொசுக்கடியில கெடந்தனே, அதுக்கென்ன பதிலு?" என்றார். சிரிக்க முயற்சி செய்தார், முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு ஒன்னு ஆகியிருந்தா?" என்றார். நான் அழுதேன்.

குழுவில், பிப்ரவரியிலிருந்து நான் அனுப்பிய கணிப்புகளை அடித்துவிடுங்கள், திருவாதிரை நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் வலது கண்ணில் புரை என்று எழுதினேன். இஸ்மாயில் சார் தனியாகப் பதில் அனுப்பினார். "அடிக்க மாட்டோம்மா. பார்த்தது பார்த்ததுதான். பக்கத்தில் காரணத்தை எழுதி வைத்துக்கொள்கிறேன். எப்போது ஆபரேஷன்?"

ஜூன் 14

விடிந்ததும் ருக்குமணி வீட்டுக்குப் போய்ச் சாவியைத் தனபாலிடம் கொடுத்தேன். அவன் வாங்கத் தயங்கினான். "நீங்க வர்ற வரைக்கும்தானுங்க்கா" என்றான். நம்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன், மறைக்கவில்லை. ருக்குமணி பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து போனாள்.

முத்திரை குத்திய தாளைத் திருப்பிக் கொடுக்க நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டும். என்ன சொல்வார்களோ தெரியவில்லை. லைசென்ஸையே பிடுங்கினாலும் பிடுங்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் செய்து சொன்னேன். ஒரு வீட்டுக்கு மட்டும் ஃபோனில் சொல்ல முடியாது. பொழுது சாய்வதற்குள் நடந்தே போனேன்.

கோகிலவாணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இனியன் தரையில் படுத்துக் கலர் அடித்துக்கொண்டிருந்தான். "வாங்கத்தெ, உக்காருங்க. காப்பி வெக்கட்டுமா? இன்னிக்கு வேற யாரோ வண்டி எடுத்துட்டு வந்தாங்களே, ஒடம்பு சரியில்லீங்களா?"

நான் உட்காரவில்லை.

"அம்முணி, அந்தப் பாட்டலு இவன் கையில இருந்து நழுவல. இவன் நின்ன எடத்துல நான் வண்டிய ஏத்தீட்டேன். ருக்குமணி கத்தலீன்னா இவன் இல்ல. எனக்கு வலது கண்ணு தெரியல. நான் பொய் சொன்னேன், நீ இவன அடிச்சே."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கையில் இருந்த சின்னச் சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். பிறகு நிறுத்தினாள்.

"கண்ணு தெரியலைன்னு எப்ப இருந்து தெரியும்?"

முந்தாநாள்தான் என்று சொல்லலாம். நம்பிவிடுவாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"ஏப்ரல்ல இருந்து."

"முகாமுல தேறீட்டேன்னு போட்டீங்களே? நான் கைதட்டற படம் போட்டனே?"

"எழுத்த மனப்பாடம் பண்ணிச் சொன்னேன்."

அவள் எழுந்து நின்றாள். மடியில் இருந்த துணியெல்லாம் கீழே விழுந்தது. அதற்குள் இனியன் என் குரலைக் கேட்டு, அடித்த கலரைக் காட்ட, "அத்தெ, பாருங்க" என்று தாளோடு ஓடி வந்தான். கோகிலவாணி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். திரும்பி நடந்தேன். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.